ரஞ்சன் சாரின் மேடைத் தமிழ்

"திங்கட்கிழமை சரத்துக்கு லெட்டர் கொடுத்துடு அனிதா. ரெண்டு மாசச் சம்பளம் சேர்த்துக் கொடுத்து அனுப்பிடலாம்."

ரஞ்சன் சார் இதைச் சொன்ன இடம்தான் வேடிக்கை. சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவை ஒட்டிய ஹோட்டலில் நிதி திரட்டும் விருந்து. அவர் தலைக்கு மேலே பெரிய பதாகை: 'நாள்பட்ட நோயாளிகளுக்குத் தோள் கொடுப்போம்! புயலில் வீடிழந்தோருக்குக் கை கொடுப்போம்!' அன்றைய விருந்துக்கு முக்கிய ஆதரவாளரே அவருடைய கம்பெனிதான்.

அனிதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கம்பெனியின் மனிதவள மேலாளர் அவள். அந்த லெட்டரில் கையெழுத்துப் போட வேண்டியவளும் அவள்தான்.

"சார், சரத் என்ன சும்மாவா எம்.சி. கொடுத்து மெடிக்கல் லீவு எடுக்கிறான்? வாரம் மூணு நாள் டயாலிசிஸ். வேலை போனா கம்பெனி இன்சூரன்ஸும் சேர்ந்து போயிடும். அப்புறம் அவன் எங்க சார் போவான்?"

"ஐ நோ லா. எனக்கு மட்டும் ஆசையா? அண்ணன் முடிவு பண்ணிட்டார்."

அண்ணன் என்றால் தில்லையம்பலம். ஜூரோங்கில் இருக்கும் அவர்களுடைய சரக்குக் கம்பெனிக்கு முதல் போட்டவர், சேர்மன். முன்வரிசை மேசையில் உட்கார்ந்து போட்டோக்காரருக்குச் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் ஒன்று சொன்னால் தம்பி தலையாட்டுவார். கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து அதுதான் வழக்கம்.

"நீங்க ஒரு வார்த்தை சொல்லிப் பார்க்கலாமே சார்?"

"சொன்னேன். கேக்கல. விடு. என் ஸ்பீச் ரெடியா?"

ரெடிதான். ரஞ்சன் சாருக்கு மேடைப் பேச்சு என்றால் அனிதாதான் எழுதுவாள். தஞ்சாவூரில் தமிழ் இலக்கியம் படித்துவிட்டு அப்புறம் எம்.பி.ஏ. முடித்தவள். சாருக்கோ தமிழில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. அவள் ஆங்கில எழுத்தில் தட்டித் தருவாள். அவர் டேப்லெட்டைப் பார்த்து ஏற்ற இறக்கத்தோடு வாசித்துக் கைதட்டல் வாங்கிவிடுவார். "வாசிச்சதுல பாதி அவருக்கே புரிஞ்சிருக்காது" என்று அலுவலகத்தில் சொல்லிச் சிரிப்பதில் அனிதாவுக்கு ஓர் அலாதி சந்தோஷம்.

இன்றைக்கு அந்தச் சிரிப்பே ஒரு யோசனையாக வந்தது.

"சார், ஒரே ஒரு திருத்தம். கொடுங்க."

டேப்லெட்டை வாங்கி, கடைசிப் பத்திக்கு முன்னால் ஒரு வரியை நுழைத்தாள். சாருக்குப் புரியவே கூடாது என்று தேடிப் பிடித்த செந்தமிழ். டேப்லெட்டைத் திருப்பிக் கொடுத்தாள். மாட்டிக்கொண்டால் திங்கட்கிழமை லெட்டர் இரண்டாகிவிடும். இங்கே வேலை பார்க்க அனுமதிக்கும் அவளுடைய வொர்க் பாஸும் போய்விடும், ஊருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். போனால் போகட்டும் என்று தன் மேசையில் போய் உட்கார்ந்தாள்.

ரஞ்சன் சார் மேடையேறினார். புயல் நிவாரணத்துக்குக் கம்பெனி அனுப்பப்போகும் கன்டெய்னர்களைப் பற்றி முழங்கினார். கைதட்டல். நோயோடு போராடுகிறவர்களைப் பற்றி உருகினார். அதற்கும் கைதட்டல். அடுத்தது அந்த வரி.

சார் நிறுத்திவிட்டார்.

டேப்லெட்டை உற்றுப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டார். அனிதா நாற்காலியின் நுனிக்கு வந்தாள். எழுத்துக் கூட்டுகிறார், வேறொன்றுமில்லை என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டாள்.

"நெடும்பிணியுற்றார் எவரையும், அப்பிணியின் பொருட்டு, எம் நிறுவனம் பணியினின்றும் அகற்றாது!"

நோயாளி என்பதற்காக யாரையும் வேலையை விட்டுத் தூக்க மாட்டோம். விஷயம் புரிந்ததும் மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது. தில்லையம்பலத்தின் முகம் விளக்கெண்ணெய் குடித்த மாதிரி ஆனது. ஆனால் கேமராக்கள் அவர் பக்கம் திரும்பியதும் அவரும் கைதட்டினார். வேறு வழி?

அனிதாவுக்கு ஒரே பெருமை. ஒற்றை வரியில் சரத்தின் வேலையைக் காப்பாற்றிவிட்டாள்! பாவம் ரஞ்சன் சார், என்ன வாசித்தோம் என்றே தெரியாமல் நிற்கிறார்.

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டிருக்கும்போதே சார் டேப்லெட்டை மூடினார். மைக்கைக் கையில் எடுத்துக்கொண்டார். கண் நேராக முன்வரிசையைப் பார்த்தது.

"இவ்வறத்துக்கு வித்திட்டவர் என் தமையனார் தில்லையம்பலம் அவர்கள். நல்கிய வாக்கினின்றும் அவர் ஒருநாளும் பிறழார்!"

மறுபடியும் கைதட்டல். பக்கத்து மேசைக்காரர்கள் ஓடிவந்து தில்லையம்பலத்தின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அவர் எழுந்து நாலாபக்கமும் கும்பிட்டார். இனி அவரே நினைத்தாலும் சரத்தை அசைக்க முடியாது.

அனிதாவுக்கு மட்டும் கை எழவில்லை. இந்த வரிகளை அவள் எழுதவே இல்லை.

மேடையிலிருந்து இறங்கிய ரஞ்சன் சார் நேராக அவளிடம் வந்தார்.

"சார்... அந்தக் கடைசியில சொன்னது..."

"நான் தனியா சொன்னா அண்ணன் கேக்க மாட்டார். ஊரே கைதட்டினா கேப்பார். எனக்கு இந்த ஐடியா வரல, உனக்கு வந்துச்சு. தேங்க்ஸ்."

"இல்ல சார், உங்களுக்கு எப்படி..."

சார் டேப்லெட்டை அவள் கையில் வைத்தார்.

"ஸ்கூல்ல நான் தமிழுக்குப் பதிலா மலாய் எடுத்தேன் அனிதா. வீட்டுல அம்மாவோட தினமும் தேவாரம் பாடினேன். எழுத்துதான் எனக்குத் தெரியாது. தமிழ் தெரியாதுன்னு யார் சொன்னா?"