தண்ணி ஆறிரும்

கிட்ட வாருங்கள், என் தங்கங்களே. கொடைக்கானல் ஏரிக்கரையில் குதிரை விட்டுப் பிழைத்த ஒரு வீட்டுக் கதை. சின்னதுதான். கேட்டுவிட்டுப் போங்கள்.

அந்த வீட்டு மருமகள் வெந்நீர்க் குண்டானோடு லாயத்து வாசலில் நின்றாள்.

உள்ளே டைகர். இரண்டு வயது ஆண் குதிரைக்குட்டி. இன்றைக்குக் காயடிப்பு.

டாக்டர் கையுறையை மாட்டிக்கொண்டே கேட்டார். "சின்னதுல அந்த இடத்துல வீக்கம் ஏதும் இருந்துச்சா? அழுத்துனா உள்ள போற மாதிரி? இருந்தா இப்பவே சொல்லிருங்க. வேற மாதிரி கட்டிட்டுத்தான் அறுக்கணும். இல்லேன்னா குடல் சரிஞ்சிரும்."

"அதெல்லாம் இல்ல சார். சிங்கக்குட்டி," என்றான் அவள் புருஷன் இருதயம்.

"பேரு டைகரு. இவரு சிங்கம்ங்கிறாரு," என்றான் கயிறு பிடித்திருந்த கொழுந்தன்.

மாமனார்கூடச் சிரித்துவிட்டார்.

வீக்கம் இருந்தது.

பால்குடிக் குட்டியாக இருந்தபோது, சாயங்காலம் லாயம் கூட்டப் போகையில் அவள் பார்த்திருக்கிறாள். கோழிமுட்டை அளவு. உள்ளங்கையால் அழுத்தினால் கொழகொழவென்று உள்ளே போய்விடும். பிறகு தானாகவே காணாமல் போனது. யாரிடமும் சொல்லவில்லை.

எந்த வார்த்தையில் சொல்வது?

மாமனார் எதிரில். கொழுந்தன் எதிரில்.

டாக்டர் அவள் பக்கம் திரும்பினார். "என்னம்மா, ஏதாவது சொல்லணுமா?"

எல்லோரும் பார்த்தார்கள்.

"தண்ணி ஆறிரும் சார்."

ஊசி இறங்கியது.

நல்லபடியாகத்தான் முடிந்தது. குட்டி எழுந்து நின்ற பிறகே டாக்டர் ஜீப் ஏறினார்.

ஜீப் வளைவில் மறைந்தது. குட்டி முக்கியது. பின்னங்கால்களுக்கு நடுவே ஏதோ பளபளவென்று இறங்கியது.

இருதயம் கத்திக்கொண்டே ஜீப்பின் பின்னால் ஓடினான். கொழுந்தன் குட்டியின் தலையைக் கட்டிப் பிடித்தான்.

அவள் கொடியில் காய்ந்த சேலையை உருவிக் குண்டானில் முக்கினாள். தண்ணீர் ஆறித்தான் போயிருந்தது. மண்டியிட்டு, ஈரச் சேலையோடு இரண்டு கையாலும் ஏந்தினாள்.

சூடு. கனம்.

கைக்குள் அதே கொழகொழப்பு.

மாமனார் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். மருமகள் கை இருந்த இடம் அப்படி.

"மாமா."

அந்தக் குரல் அவளுக்கே புதிது.

"குடல் மாமா. என்னால தாங்க முடியல. இங்க பாத்துப் பிடிங்க."

அவர் திரும்பினார்.

கீழே, மூடுபனிக்குள் ஜீப் சத்தம். போகிறதா, வருகிறதா, தெரியவில்லை.

உங்கள் வீட்டுத் தொழுவமும் தொட்டிலும் நிறைந்திருக்கட்டும், கண்ணுகளா. அங்கே எந்தப் பெண்ணுக்கும் ஒரு சொல் தொண்டையோடு நின்றுவிடாமல் இருக்கட்டும்.