முதல்ல என்ன சொல்லுவீங்க?

“ஏன் மிஸ், நல்லா இரிக்கிற வேலய விட்டுட்டு எங்கட கம்பெனிக்கு வரப் பாக்கிறீங்க?”

போனுக்குள்ளிருந்து நிப்ராஸ் குரலைத் தடிப்பாக்கிக் கேட்டான். பெரிய மனேஜர் என்ற நினைப்பு அவனுக்கு. பஸ்லியா கட்டில் ஓரத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“லீசிங் கம்பெனியில ரெண்டு வருஷம் வேல செஞ்சன் சேர். தவணை கட்ட ஏலாத ஆக்களுக்குக் கோல் எடுத்து நெருக்கிறதுதான் என்ட வேல. இனி அது ஏலா சேர். அதே படிப்ப வெச்சி தகாபுல்ல வேல செய்ய விருப்பம்.”

“நகத்தக் கடிக்காமச் சொல்லுகா!” என்று சிரித்தான் அவன்.

பஸ்லியாவின் கைகள் இரண்டும் மடியில்தான் கிடந்தன. ஆனாலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் போயும் விட்டது.

ஹார்ட்வெயார் கடையில் சீமெந்து மூடை ஏற்றி அனுப்புகிறவனுக்கு நேர்முகப் பரீட்சையைப் பற்றி என்ன தெரியும்? ஆனால் இந்தக் கேள்வியெல்லாம் யோசித்தவன் அவன்தான். கல்யாணம் முடித்து ஒரு வருஷம் நிறையுமுன் பெண்சாதி வேலை மாறப் போகிறாள் என்று ஊரெல்லாம் பெருமை பேசியவனும் அவன்தான்.

லீசிங் கம்பெனியில் இருந்தபோது ஒருநாள், பாண்டிருப்பிலுள்ள ஓட்டோக்காரர் ஒருவருக்கு அவள் கோல் எடுத்தாள். போனைத் தூக்கியது அவருடைய பெண்சாதி. “அவர் ஆஸ்பத்திரியில மகள். நான் ஆரிட்டப் போய்க் கேக்கிற?” என்று அந்த மனுஷி அழ, பஸ்லியா அன்று மாலை சோற்றைத் தொடவில்லை.

“விடுகா அந்த வேலய. வேற வேல வாற வரைக்கும் நான் இரிக்கன் தானே” என்றான் நிப்ராஸ். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் அடுத்த நாளே விலகல் கடிதம் கொடுத்தாள்.

தகாபுல் என்றால் வட்டி கலக்காத காப்புறுதி. மௌத்தான அங்கத்தவர்களின் வீடு தேடிப் போய், இறந்தவரின் குடும்பத்துக்குச் சேர வேண்டியதைச் சேர்ப்பிக்கிற பிரிவில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு விண்ணப்பம் போட்டாள். அன்று முதல் இந்தப் பயிற்சிதான்.

“சம்பளம் கொஞ்சம் குறையும் மிஸ். பரவாயில்லையா?”

இதற்கு அவள் பாடமாக்கி வைத்திருந்த பதில் ஒன்று உண்டு. ‘வீட்டுல ரெண்டு பேரும் உழைக்கிறம் சேர்’ என்பது அது. இன்று அதைச் சொல்லவில்லை. விரலால் தட்டி அடுத்த கேள்விக்குப் போனாள்.

கதவு அரைவாசி திறந்தது. உம்மா றுகையா சோற்றுக் கோப்பையோடு நின்றாள். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையைப் போல மகளுக்கு அறையே கதியாகிவிட்டது. சாப்பாடும் அறைக்குள்தான்.

“மகள், சோறு ஆறிப்போகுது. அத வெச்சிட்டு ரெண்டு வாய் தின்னு மனே.”

“இன்னும் ஒரு கேள்விதான் உம்மா.”

“நேத்தும் அதத்தான் சொன்னாய்.”

உம்மா கோப்பையை வைத்துவிட்டு, முக்காட்டின் நுனியால் கண்ணை ஒற்றிக்கொண்டு கதவைச் சாத்தினாள்.

“இது கஷ்டமான கேள்வி மிஸ்” என்றான் நிப்ராஸ். “ஒரு மையத்து வீட்டுக்குப் போறீங்க. புருஷன் மௌத்தான பொம்புள முன்னுக்கு இரிக்கா. முதல்ல என்ன சொல்லுவீங்க? போமத் தூக்கி நீட்டிப்போடாதகா, அடிச்சிக் கலைப்பாங்க!”

இந்தக் கேள்வியில்தான் அவள் எப்போதும் தடக்குவாள். ‘அல்லாஹ் பொறுமையத் தரட்டும் எண்டு சொல்லுவன்’ என்று தொடங்கி, அதற்கு மேல் வார்த்தை இல்லாமல் நின்றுவிடுவாள். இன்று தடக்கவில்லை.

“ஒண்டும் சொல்ல மாட்டன் சேர். கிட்டப் போய் இரிப்பன். அவ கதைச்சாக் கேட்டுக்கிட்டு இரிப்பன். பொறகு அவர்ர பேரச் சொல்லிக் கதைப்பன். வாற ஆக்கள் எல்லாரும் மையத்து, மையத்து எண்டுதான் சொல்லுவாங்க. ஆரும் பேரச் சொல்ல மாட்டாங்க சேர்.”

நல்ல பதில் என்றும் அவன் சொல்லவில்லை, பிழை என்றும் சொல்லவில்லை. “சரி, அடுத்த கேள்வி மிஸ்...” என்று தொடங்கினான். குரல் பாதியில் அறுந்து போன் அடித்தது.

புது நம்பர். தகாபுல் கம்பெனியின் கல்முனைக் கிளையிலிருந்து ஒரு பெண் கதைத்தாள்.

“அஸ்ஸலாமு அலைக்கும். பஸ்லியா மிஸ் தானே? ஒங்கள இன்டர்வியூவுக்கு எடுத்திருக்கு. திங்கக்கிழம காலையில நேர்ல வாங்க.”

“வ அலைக்குமுஸ்ஸலாம்.” பஸ்லியா சாத்தியிருந்த கதவைப் பார்த்தாள். “போன்ல கேக்க ஏலாதா மிஸ்? என்ன கேட்டாலும் பதில் சொல்லுவன்.”

“அது சரிவராது மிஸ். மனேஜர் கொழும்புல இரிந்து வாறார். இத விட்டா இனி அடுத்த வருஷம்தான்.” அந்தப் பெண்ணின் குரல் இளகியது. “வாறதுக்குக் கஷ்டமா? ஒங்கட மாப்பிள்ள பைக்குல கொண்டுவந்து விட மாட்டாரா? போம்ல இரிந்த அவர்ர நம்பருக்குத்தான் முதல்ல எடுத்தன். ஓஃப்ல இரிக்கு.”

போனில் குரல் பதிந்து வைத்துவிட்டுப் போன நிப்ராஸ் இந்தக் கேள்விக்கு மட்டும் பஸ்லியாவைப் பழக்கியிருக்கவில்லை.

“அவர் மௌத்தாகிட்டார் மிஸ். நான் இத்தாவில இரிக்கன், நாலு மாசம் பத்து நாள் முடியாம வாசல் தாண்ட ஏலா.”