வாலைப் பிடித்திருக்கும் கை

விஸ்கான்சினின் அக்டோபர் வெயில், கொட்டகைக் கதவு வழியே வந்து அலுமினிய இறக்கையில் வெளிறிக் கிடக்கிறது. ஆர்விட்டும் மனைவி மார்லிஸும் வீட்டிலேயே செய்த சின்ன விமானம் இது. கண் மங்கிவிட்டதால் ஆர்விட் இன்று இதை விற்கிறார். வாங்குபவர் வருவதற்குள் தேய்ந்த டயரை மாற்றிவிட வேண்டும். இறக்கைக்கடியில் குந்தி ஜாக்கை மெல்ல ஏற்றுகிறார். மூக்கு தரையில் குத்திவிடாதபடி, மார்லிஸ் வாலை அழுத்திப் பிடித்திருக்கிறாள். "மணல் மூட்டையைக் கட்டிடலாமே, மார்லிஸ்?" "வேண்டாம், நானே பிடிச்சுக்கறேன். நீ ஜாக்கைப் பாரு, சாயப்போகுது." சக்கரம் தரையை விட்டு எழும்பிச் சோம்பலாய்ச் சுற்றுகிறது. இதைச் செய்த காலத்தில் அந்த வாலுக்குள்தான் அவள் குளிர்காலம் குளிர்காலமாக முடங்கிப் படுத்திருந்தாள். தகடுகளை இணைக்க வெளியே அவர் அடித்த ஒவ்வொரு ரிவெட் ஆணிக்கும் உள்ளேயிருந்து இரும்புக் கட்டையை முட்டுக்கொடுத்தது அவள் கைதான். இப்போது அந்தக் கைக்குப் பக்கத்தில், செய்தவர் பெயர் பொறித்த தகடு மின்னுகிறது. அதில் ஆர்விட்டின் பெயர் மட்டும் இருக்கிறது. புது டயரை மாட்டிவிட்டு அவர் நிமிர்ந்து பார்க்கிறார். "உன் பேரையும் போட்டிருக்கணும்." "இப்பத்தான் தோணுச்சாக்கும்! வாங்குறவனுக்கு எதுக்கு என் பேரு?" என்று சிரிக்கிறாள். ஜாக் முனகிக்கொண்டே இறங்குகிறது. வெளியே சரளைக் கற்களின் மேல் ஒரு வண்டி வந்து நிற்கும் சத்தம். "சக்கரம் தரையில நின்னுடுச்சு, மார்லிஸ். கையை எடுத்துடலாம்." அவள் எடுக்கவில்லை.