மூன்றாவது அட்மிஷன்

"மறுபடியுமா?" என்று கேட்டுவிட்டு, அப்படிக் கேட்டிருக்கக் கூடாதோ என்று ஃபிசா நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

மேசைக்கு எதிரே சுயம்புலிங்கமும் அவர் மனைவி சரோஜாதேவியும் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்கள். தி.நகரில் பாத்திரக் கடை வைத்திருப்பவர்கள். அடையாறில் இருக்கும் இந்தப் போதை மறுவாழ்வு மையத்துக்கு அவர்கள் வருவது இது மூன்றாவது தடவை.

வரவேற்பிலிருந்து வந்த, அவர்கள் மகனின் பழைய ஃபைல் ஃபிசாவின் முன்னால் கிடந்தது. ராம்குமார், வயது இருபத்தாறு. பதினெட்டில் கஞ்சா, இருபத்திரண்டில் வலி மாத்திரை, அப்புறம் அதையே கரைத்து ஊசி. இங்கே வருகிற பையன்களில் பாதிப் பேருக்கு இதே வரிசைதான்.

போன தடவை வீட்டுக்குக் கிளம்பும்போது, "இனிமே என்னை இங்க பார்க்க மாட்டீங்கக்கா" என்று சிரித்துவிட்டுப் போனான். கவுன்சலிங் வேலைக்கு வந்த இத்தனை வருஷத்தில் அவள் முழுசாக நம்பியது அவன் ஒருவனைத்தான்.

"நேத்தே போன்ல எல்லாம் சொல்லிட்டோம்மா," என்றார் சுயம்புலிங்கம்.

"ஃபார்ம்ல எழுதணும் சார், அதான் திரும்பக் கேக்கறேன். இப்பவும் ஊசியா?"

"ஊசி இல்ல. மாத்திரை மட்டுந்தான்."

"எவ்வளவு நாளா?"

"ரெண்டு மாசமா. மொதல்ல பாதி, அப்புறம் ஒண்ணு. இப்ப ஒரு நாளைக்கு நாலு."

"எங்கேர்ந்து கிடைக்குது?"

"வெளிய எங்கயும் வாங்கல. வீட்டுலயே அட்டை அட்டையா இருந்திருக்கு. எனக்குத்தான் தெரியாமப் போச்சு."

"போடலேன்னா என்ன பண்ணுது?"

அதுவரை வாயே திறக்காத சரோஜாதேவி நிமிர்ந்தாள். "எலும்பையெல்லாம் முறுக்கிப் பிழியற மாதிரி வலி. வேர்த்து ஊத்தும். ஒரு இடத்துல உக்கார முடியாது."

பெற்றவர்களுக்கு இதெல்லாம் மனப்பாடமாகிவிடுகிறது என்று நினைத்தபடி ஃபிசா எழுதினாள்.

"வேலைவெட்டி?"

"கடைப் பக்கமே வர்றதில்ல," என்றார் சுயம்புலிங்கம். "அடுப்புல பாலை வச்சுட்டு, அப்படியே சுவத்தைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கிறது. போன வாரம் பாத்திரமே கருகிப்போச்சு. நேத்துதான் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்துடுங்க'ன்னு ஒரே அழுகை."

ஃபிசாவுக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கினாற்போல இருந்தது. முதல் இரண்டு தடவையும் ராம்குமாரை நாலு பேர் பிடித்து இழுத்துத்தான் வந்தார்கள்.

"தானா கேட்டு வர்றது பெரிய விஷயம் சார். கண்டிப்பா சரியாயிடும், தைரியமா இருங்க. பெட் இருக்கு, இன்னைக்கே சேர்த்துக்கலாம்." படிவத்தைத் திருப்பி அவர்கள் பக்கம் நகர்த்தினாள். "ராம்குமார் வெளியதானே உக்காந்திருக்கான்? கூப்பிடுங்க, கையெழுத்துப் போடட்டும்."

சுயம்புலிங்கம் எழுந்திருக்கவில்லை.

"போன்ல பேசினவங்க உங்ககிட்ட சொல்லலையாம்மா?" என்றார். "அவன் போயி மூணு மாசமாச்சு. பாத்ரூம் கதவை உடைச்சுத்தான் தூக்கினோம். கையில ஊசி அப்படியே இருந்துச்சு."

ஃபிசாவின் பேனா நின்றது. ஃபைலில் ஒட்டியிருந்த போட்டோவைப் பார்த்தாள், அவர்களைப் பார்த்தாள்.

"அப்போ... இந்த ஃபார்ம் யாருக்கு சார்?"

சரோஜாதேவி படிவத்தைத் தன் பக்கம் இழுத்து, அடியில் நிதானமாகத் தன் பெயரை எழுதினாள்.

"அவன் ஒளிச்சு வச்சிருந்த மாத்திரைம்மா... நான்தான் போட்டுக்கிட்டிருக்கேன்."