ஊஞ்சலில் நின்ற எக்ஸ்போர்ட்

பச்சைக் கோடு மறுபடியும் அதே இடத்தில் வந்து நின்றது.

"போம்மா, போயேன்" என்று ஜெயப்ரியா மானிட்டரிடம் கெஞ்சினாள். கெஞ்சினால் மசிகிற ஆளா அது!

சாயங்காலம் முடிச்சூர் மண்டபத்தில் மாளவிகாவின் ரிசப்ஷன். நேற்று நடந்த கல்யாணத்தை வெட்டி ஒட்டி, இன்று மேடைக்குப் பக்கத்தில் பெரிய திரையில் ஓட்டிக் காட்டுவதாக ஜெயப்ரியா வாக்குக் கொடுத்திருந்தாள். எடிட்டிங் எல்லாம் முடிந்துவிட்டது. ஒரே வீடியோவாக எக்ஸ்போர்ட் ஆகி வெளியே வர வேண்டும், அவ்வளவுதான். அவசரத்துக்கு அண்டாவிலும் கை நுழையாது என்று சும்மாவா சொன்னார்கள்?

தெரிந்ததையெல்லாம் செய்து பார்த்துவிட்டாள். சேர்ந்துகிடந்த பழைய கேஷ் ஃபைல்களை அழித்தாள். வெளி ஹார்ட் டிஸ்க்கில் இருந்ததையெல்லாம் கம்ப்யூட்டருக்குள் மாற்றினாள். கிராபிக்ஸ் கார்டு வேலை செய்கிறதா என்று செட்டிங்ஸைக் குடைந்தாள். ரீஸ்டார்ட் செய்துவிட்டு, சுவரில் இருந்த பிள்ளையாருக்கு ஒரு கும்பிடும் போட்டாள்.

நடுநடுவே முறுக்கைக் கடித்துக்கொண்டாள். காலையில் அவள் இல்லாத நேரத்தில் பெண்ணின் அம்மா காமு மாமி, கேம்ப் ரோட்டில் இருக்கும் இந்த ஸ்டுடியோவைத் தேடி வந்து ஒரு பை கல்யாண முறுக்கு கொடுத்துவிட்டுப் போயிருந்தார். கூட வேலை செய்யும் ஆல்வின்தான் வாங்கி வைத்திருந்தான். இத்தனை அலைச்சலிலும் நம் ஞாபகம் வந்திருக்கிறதே, பாவம் மாமி.

கடைசியில்தான் புத்தி வந்தது. வீடியோவைத் துண்டு துண்டாக எக்ஸ்போர்ட் செய்து பார்த்தாள்.

மாலை மாற்றியது பறந்தது. முகூர்த்தம் பறந்தது. ஊஞ்சல் காட்சி மட்டும் எறும்பாக ஊர்ந்தது.

அந்தக் காட்சியின் மேல் அவள் போடாத ஒரு லேயர் உட்கார்ந்திருந்தது. ஆல்வின் வேலை. ஓரமாக நிற்கிற யாரையோ ஒவ்வொரு பிரேமிலும் அழித்து, அந்த இடத்தில் வெறும் தூணை வரைந்துகொண்டிருந்தது அது. கம்ப்யூட்டர் திணறாமல் என்ன செய்யும்?

லேயரை அணைத்துப் பார்த்தாள்.

தூணோரம் காமு மாமி நின்றிருந்தார்.

ஊஞ்சலில் மாளவிகா. சுமங்கலிகள் சுற்றி வந்து கலர் சாத உருண்டைகளை வீசித் திருஷ்டி கழிக்கிறார்கள். கணவரை இழந்த மாமி அந்தப் பக்கமே வரவில்லை. தூர நின்று, கையை உயர்த்தி மகளை ஆசீர்வதிக்கிறார். நேற்று ஜெயப்ரியாதான் கேமராவைத் தூக்கிக்கொண்டு கூட்டத்தைச் சுற்றிப் போய் அதைப் பிடித்தாள். "அப்பாதான் இல்லை. அம்மா ஒரு ஷாட்லயாவது நல்லா வரணும்க்கா." மாளவிகா கேட்டிருந்தது அது ஒன்றுதான்.

மண்டபத்தில் திரை கட்டிக்கொண்டிருந்த ஆல்வினுக்குப் போன் போட்டாள்.

"இன்னாக்கா, இன்னும் ஓடிகினு கீதா? இங்க ஒரே பேஜார் பண்றாங்க."

"ஊஞ்சல்ல மாமிய யாருடா அழிக்கச் சொன்னது?"

"அவங்க வூட்லதான்க்கா. பொண்ணுக்குத் தெரிய வேணாம்னு..."

யாரோ மைக் டெஸ்டிங் என்று அலறியதில் மீதி கேட்கவில்லை.

மாப்பிள்ளை வீட்டார்! வேறு யாருக்கு வரும் இந்தப் புத்தி? பட்டுப் புடவையும் முறைப்பும் சேர்ந்த சம்பந்தியம்மாளின் முகம் கண்முன் வந்தது. பெற்றவளைத் துடைத்து எடுத்துவிட்டு ஒரு கல்யாண வீடியோவா? நல்லா இருப்பார்களா இவர்கள்?

லேயரை ஒரேயடியாக நீக்கினாள். எக்ஸ்போர்ட்டை அழுத்தினாள்.

பச்சைக் கோடு எங்கேயும் நிற்காமல் ஓடி முடிந்தது. ஃபைல் ஆல்வினுக்குப் போய்ச் சேர்ந்தது.

அப்பாடா என்று இன்னொரு முறுக்கை எடுத்தபோது போன் அடித்தது. காமு மாமி.

"முடிஞ்சுடுத்தாம்மா?"

"சூப்பரா முடிஞ்சுது மாமி! ஊஞ்சல்ல நீங்க எவ்ளோ அழகா வந்திருக்கீங்க தெரியுமா? பெரிய திரைல பாருங்க."

"நான் தெரியறேனா?" மாமியின் குரல் இறங்கிவிட்டது. "காலம்பற வந்து அந்த ஆல்வின் பிள்ளையாண்டான்கிட்ட அவ்வளவு சொன்னேனேம்மா, என்னை எடுத்துடுப்பான்னு. நாளைக்குக் குழந்தைக்கு ஏதாவது ஒண்ணுன்னா, நான் அங்க நின்னதாலதான்னு ஆயிடும்."

ஜெயப்ரியா கையில் இருந்த முறுக்கைப் பைக்குள்ளேயே திரும்பப் போட்டாள்.

"சரி, நீ என்ன பண்ணுவே. போட்டுக்கட்டும். அதுக்குள்ள நான் ஆத்துக்குக் கிளம்பிடறேன். மாளவிகா கேட்டா தலைவலின்னு சொல்லச் சொல்றேன்."

"மாமி, இருங்க மாமி, ஒரு நிமிஷம்..."

போன் வைத்தாகிவிட்டது.

உடனே ஆல்வின் கூப்பிட்டான். "ஃபைல் வந்துட்ச்சுக்கா. பொண்ணு வேற வந்து நிக்குது. போட்ரட்டா?"

மானிட்டரில் ஊஞ்சல் காட்சி அப்படியே நின்றிருந்தது. அவள் அதைப் பெரிதாக்கினாள். மெல்ல ஓடவிட்டாள்.

மாளவிகாவின் ஊஞ்சல் இடப்பக்கம். மாமியின் உயர்ந்த கை அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. உள்ளங்கை நேராகக் கேமராவைப் பார்த்திருந்தது. ஜெயப்ரியா கிட்டே போகப் போக, அந்தக் கை இன்னும் மேலே உயர்ந்து, முகத்தை மறைத்துக்கொண்டு, வேண்டாம் வேண்டாம் என்று ஆடியது.

"அக்கா? கேக்குதா? போட்ரட்டா?"