சொல்லக்கூடாத வார்த்தை

“வெறும் காய்ச்சல் இல்லீங்கய்யா. எம் பொஞ்சாதி சொல்லக்கூடாத வார்த்தைய சொல்லுது” என்றான் முருகையா.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெஸ்ஸர் ராயப்பன் மாத்திரையை நீட்டினார். “மலேரியாவுல உளறத்தான் செய்வாங்க. கெட்ட வார்த்தையா?”

முருகையா தலையைக் குனிந்துகொண்டான். “அத நான் எப்படிங்கய்யா சொல்றது? கல்யாணமாகி இத்தன வருசத்துல அது வாயில ஒரு தடவகூட வந்ததில்ல. இன்னிக்கு லயமே கேக்கக் கத்துது.”

ராயப்பன் அதற்கு மேல் கேட்கவில்லை, கூடவே தொழிலாளர்களின் வரிசை வீடுகள் இருந்த லயத்துக்கு வந்தார். நீலாவதியின் கழுத்தை மெல்ல மடக்கிப் பார்த்தார். கட்டை மாதிரி விறைத்திருந்தது. கை வேறு வெட்டி வெட்டி இழுத்தது.

“மலேரியா மாதிரி தெரியலப்பா. இதுவும் கொசுவால வர்றதுதான், ஆனா மூளையப் புடிக்கிற காய்ச்சல். தோட்டத்து லாரியில ஏத்து, சிரம்பான் டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவணும். சீக்கிரம்லா, ஊரடங்கு வந்துட்டா வேலி கேட்டத் தொறக்க மாட்டாங்க.”

முள்வேலி கேட்டில் காவலுக்கு நின்ற வீரமுத்து, காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போகும் அரிசி ஏதும் இருக்கிறதா என்று லாரியைத் துழாவினான். அப்போதும் நீலாவதி அதே வார்த்தையைக் கத்தினாள். வீரமுத்து வாயைப் பொத்திக்கொண்டு வழிவிட்டான். முருகையாவுக்கு மானம் போனது.

சிரம்பான் ஆஸ்பத்திரியில் வெள்ளைக்கார டாக்டர் எதையும் மறைக்கவில்லை. இதற்கென்று மருந்து கிடையாது, பிழைத்தாலும் பழைய நினைவு திரும்புமா என்று சொல்ல முடியாது என்றார்.

தன்னை மறந்துவிடுவாளோ என்ற பயத்தில் முருகையாவுக்குச் சோறு இறங்கவில்லை. வேலைவிட்டு வந்ததும் அவள் திட்டுகிற திட்டுக்கு அவன் அப்படி ஏங்கிப்போனான்.

ஒருவழியாகக் காய்ச்சல் விட்டது. டாக்டர் தனக்குத் தெரிந்த தமிழில் சோதித்தார்.

“உன் பேர் என்னா?”

“நீலாவதி.”

“என்னா வேலை?”

“ரப்பர் மரத்துல பால் வெட்டுறேன்.”

“புருசன் பேர் என்னா?”

நீலாவதி கட்டில் ஓரம் நின்ற முருகையாவைப் பார்த்தாள். போர்வை நுனியைத் திருகிக்கொண்டு குனிந்துகொண்டாள். டாக்டர் மறுபடியும் கேட்டார். வாயே திறக்கவில்லை.

டாக்டர் வருத்தத்தோடு முருகையாவின் தோளைத் தொட்டார். “நினைவு முழுசா வரலே.”

முருகையா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான், சிரித்தான்.

“வந்துருச்சு தொரை, முழுசா வந்துருச்சு. அன்னிக்குக் காய்ச்சல்ல ஊரே கேக்கக் கத்துனது எம் பேரத்தான்.”