மாமியாரின் ஆர்வம்

உயிர்வேதியியலும் மருந்தியலும் படித்து முடித்த நான், ஆராய்ச்சிப் படிப்பிலும் சேர ஆசைப்பட்டேன்.

"படிச்ச வரைக்கும் போதும்" என்றார் கணவர்.

"வாயை மூடுடா! அவ மேல படிச்சே ஆகணும்!" என்று சீறினார் மாமியார்.

எனக்குப் புல்லரித்தது. தினமும் இரவுச் சாப்பாடு முடிந்ததும், "இன்னைக்கு என்ன பாடம்மா?" என்று என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்பவர் அவர். மருந்தைக் கல்லீரல் எப்படிச் சிதைக்கிறது என்று நான் விளக்க விளக்க, கண்ணை மூடி உள்வாங்குவார். நான் பிறவி ஆசிரியை என்று எனக்கு நானே பட்டம் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"உனக்கு ஏம்மா இவ்வளவு அக்கறை?" என்றார் கணவர்.

"இவ பாடம் சொல்ல ஆரம்பிச்சதுக்கு அப்புறம்தான்டா நான் மாத்திரை இல்லாம தூங்குறேன்!"

பிறகு என் பக்கம் திரும்பிக் கெஞ்சினார்.

"கஷ்டமான பாடமா பார்த்து எடும்மா. புரிஞ்சா முழிப்பு வந்துடுது."